பள்ளிக் குழாயில் ஈயம்: டி.டி.எஸ். மீட்டர் காட்டாத கணக்கு

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பெற்றோர் கூட்டத்தில், "குடிநீரில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதித்தீர்களா?" எனக் கேட்டேன். தாளாளர் பேனா போன்ற ஒரு மீட்டரை டம்ளரில் விட்டு, "டி.டி.எஸ். 60தான் காட்டுகிறது, ஆர்.ஓ. தண்ணீர், பயமே வேண்டாம்" என்றார். மற்றவர்கள் கைதட்டிவிட்டார்கள். நான் கேட்டது தவறா?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி அம்மா. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த மீட்டர் ஈயத்தை அளப்பதே இல்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, மொத்தத்தில் இவ்வளவு உப்பு கரைந்திருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது, அதுதான் டி.டி.எஸ்., அவ்வளவுதான். 60 என்றால் லிட்டருக்கு 60 மில்லிகிராம். ஈயத்துக்கு நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வரம்பைப்போல் பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் அது 0.1தான். முழு எண்ணாகக் காட்டும் மீட்டரில் 60 என்பது 60ஆகவே நிற்கும்.

அந்தத் தரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். 1991இல் ஈயத்தின் வரம்பு 0.05 ஆக இருந்தது. 2012இல் அதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். டி.டி.எஸ்.ஸுக்கு 500 என்று எழுதிவிட்டு, வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 2000 வரை போகலாம் என்று சலுகை தந்திருக்கிறார்கள். ஈயத்துக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. காரணம், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்காத அளவு ஈயம் என்று ஒன்று இருப்பதாக இதுவரை யாரும் காட்டவில்லை. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் இழுத்துக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறம், மணம், ருசி எதிலும் அது தெரியாது.

இனி முக்கியமான விஷயம். ஆற்று நீரிலோ போர் தண்ணீரிலோ ஈயம் வருவது குறைவு. பெரும்பாலும் அது பள்ளியின் மதிலுக்கு உள்ளேதான் சேர்கிறது: பித்தளைக் குழாய், வால்வு, பற்றவைத்த இணைப்பு, பழைய பி.வி.சி. பைப். அதாவது, பிள்ளையின் வாய்க்கு முந்தைய கடைசிச் சில அடிகளில். கடைவதற்கு இலகுவாக இருக்கும் என்று பித்தளையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஈயம் சேர்ப்பது வழக்கம். மேலே குரோமியம் பூசியிருப்பதால் எவர்சில்வர் போலப் பளபளக்கும், உள்ளே பித்தளைதான். ஆர்.ஓ. இயந்திரம் ஈயத்தை நன்றாகவே நீக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான உப்பு போன அந்தத் தண்ணீர், தான் தொடும் உலோகத்தை அரிக்கும் குணம் கொண்டது. இயந்திரத்தைத் தாண்டி வரிசையாகப் பித்தளைக் குழாய்களை மாட்டியிருந்தால், வடிகட்டிய தண்ணீர் கடைசி ஓரடியில் மறுபடி ஈயத்தை வாங்கிக்கொள்ள இடமுண்டு. ஆகவே இயந்திரத்தின் வாயில் எடுத்த மாதிரி போதாது. உங்கள் மகன் பாட்டிலை நீட்டும் அதே குழாயில் எடுக்க வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். முதல் நாள் மாலை பள்ளி விட்ட பிறகு அந்தக் குழாயை யாரும் தொடக்கூடாது. தண்ணீர் குறைந்தது 8 மணி நேரம், போனால் 18 மணி நேரம் உள்ளேயே நிற்க வேண்டும். மறுநாள் ஆயாம்மா வாளி பிடிப்பதற்கு முன்னால், திறந்தவுடன் விழும் முதல் 250 மில்லியைப் பிடியுங்கள். பிறகு 30 விநாடி ஓடவிட்டு இன்னொரு பாட்டில். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பள்ளிகளுக்குச் சொல்லும் முறை இது. முதல் பாட்டிலில் ஈயம் அதிகம், இரண்டாவதில் இல்லை என்றால் குற்றவாளி அந்தக் குழாய். இரண்டிலும் இருந்தால் பின்னால் இருக்கும் பைப்பையோ தொட்டியையோ தேட வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் எண் கொடுத்துத் தனித்தனியாக எடுங்கள். நான்கு குழாய்த் தண்ணீரை ஒரே பாட்டிலில் கலந்தால், மூன்று நல்ல குழாய்கள் ஒரு கெட்ட குழாயை மறைத்துவிடும்.

மாதிரி எடுக்கும் முறையே உண்மையை மறைத்துவிடும் என்பதை அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரம் காட்டியது. 2014இல் அந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயப் பைப்புகளிலிருந்து ஈயம் தண்ணீரில் கரைந்தது. முந்தின இரவே குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிடுங்கள் என்று மாதிரி தரும் வீடுகளுக்குச் சொல்லியிருந்தார்கள். தேங்கி நின்ற ஈயம் அதில் போய்விடும், பரிசோதனைச் சீட்டில் எண் குறையும். 2016 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, முன்கூட்டி ஓடவிடாதீர்கள், குழாய் முனையின் சல்லடையைக் கழற்றாதீர்கள், தண்ணீரைச் சன்னமாக விடவைக்கும் குறுகிய வாய்ப் பாட்டிலைத் தராதீர்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் பள்ளியில் மாதிரி எடுக்கும் நாளில் பெற்றோர் இருவர் உடன் நிற்கட்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான குடிநீர் வேண்டும் என்கிறது. தனியார் பள்ளியும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். அடுத்த கூட்டத்தில் கேள்வியை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் உதவிபெறும் பள்ளியின் தண்ணீரைத் தனியார் லேபில் கொடுத்தோம். 'ஈயம்: கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று வந்துள்ளது. நிம்மதியாக இருக்கலாமா?
- தலைமையாசிரியை, மயிலாடுதுறை

பதில்: கீழ் என்றால் எதற்குக் கீழ் என்று பாருங்கள். ஒரு பெற்றோர் குழு என்னிடம் காட்டிய சீட்டில் அதே வாசகம்தான் இருந்தது. பின்பக்கத்தில் சிறு எழுத்தில், அந்த லேபின் கண்டறியும் அளவு 0.05 என்று போட்டிருந்தது. வரம்போ 0.01. எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் அந்தக் கருவியால் பதில் சொல்லியிருக்க முடியாது. பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: "ஈயத்தை எவ்வளவு குறைவாக அளப்பீர்கள்?" 0.005 அல்லது அதற்கும் கீழே என்றால் மட்டும் கொடுங்கள்.

ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரம் லேபின் வாசல் பலகைக்குத் தருவது அல்ல, ஒவ்வொரு சோதனைக்கும் தனியாகத் தருவது. குடிநீரில் ஈயம் என்பது அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே பார்க்கலாம். பாட்டிலை லேபிலிருந்தே வாங்குங்கள். கழுவிய குளிர்பானப் பாட்டில் வேண்டாம். ஈயம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் துளி நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும், அதையும் அவர்களே செய்வார்கள். 'முழு பேக்கேஜ்' என்று முப்பது சோதனையைத் தலையில் கட்டப் பார்த்தால், ஈயத்துக்கு மட்டும் விலை கேளுங்கள். அந்தக் காசில் இன்னும் நாலு குழாயைச் சோதிக்கலாம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் பொதுமக்கள் கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுக்கலாம். ஈயம் போன்ற கன உலோகத்தை அங்கேயே பார்க்கிறார்களா, வேறு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்களா என்று மட்டும் முதலில் விசாரியுங்கள். ஊராட்சியில் வைத்திருக்கும் களப் பரிசோதனைப் பெட்டி குளோரின், கடினத்தன்மை, ஃபுளோரைடு போன்றவற்றுக்கானது. அதில் ஈயம் தெரியாது.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஒரு விற்பனையாளர் எங்கள் போர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் தண்ணீர் சாக்கடை நிறமானது. "பாருங்கள், எல்லாம் ஈயமும் விஷமும்" என்றார். அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வாங்கிவிடலாமா?
- குழு உறுப்பினர், தருமபுரி

பதில்: அந்தச் செயல்விளக்கத்தை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்த சேறு தண்ணீரில் இருந்தது அல்ல. கம்பியில் இருந்த இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி கரைந்து பழுப்பாகப் படியும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அதிகம் பாயவில்லை, கம்பியும் அவ்வளவாகக் கரையவில்லை. அடுத்த முறை வந்தால், அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போடச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள், அது வீட்டு மின்சாரம்.

உங்கள் பகுதியில் ஃபுளோரைடு தொல்லை உண்டு என்பதால் ஆர்.ஓ. தேவைப்படலாம். ஆனால் அதைப் பரிசோதனைச் சீட்டு சொல்ல வேண்டும், விற்பவர் சொல்லக்கூடாது. வாங்குவதானால், அதே மாடல் ஈயத்தை எவ்வளவு குறைக்கிறது என்ற சோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். பொய் சொல்லி விற்றிருந்தால் பில், விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம்.

கேள்வி: எங்கள் பாட்டி காலம் முதல் ஈயச் சொம்பில்தான் ரசம். பள்ளிக்கூடக் குழாயில் துளி ஈயம் இருந்தால் மட்டும் ஆபத்தா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பெயர் ஒன்று, உலோகம் இரண்டு. ரசச் சொம்பு வெள்ளீயம். குழாயில் நாம் பயப்படுவது காரீயம். பாட்டி வைத்த ரசத்தில் குறை இல்லை. ஆனால் வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. கலப்படம் செய்ய ஆசை வரும் இடம் இது. புதுச் சொம்பு வாங்கினால், உலோகத்தைப் பரிசோதித்துச் சான்று தரும் கடையில் வாங்குங்கள். வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கறுப்புக் கோடு விழுந்தால் அந்தச் சொம்பில் புளி ஊற்ற வேண்டாம்.

கேள்வி: முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பழைய பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டியும் குழாய்களும் கட்டித் தருகிறோம். என்ன வாங்க வேண்டும்?
- விருதுநகர்

பதில்: குழாய்க்கு 304 தர எவர்சில்வர் அல்லது குடிநீருக்கென்றே செய்த பிளாஸ்டிக் குழாய். பைப் பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 4985 முத்திரையும், ஈயம் சேர்க்காதது என்ற குறிப்பும் பைப்பின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். பி.வி.சி. பைப்பில் ஈயச் சேர்மங்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல் தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. ஆகையால் கடையின் மூலையில் கிடக்கும் பழைய சரக்கை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். மீந்த கழிவுநீர் பைப்பையோ வயரிங் பைப்பையோ பிளம்பர் ஒட்டவிடாமல் ஒருவர் நின்று பாருங்கள். திறப்பு விழாவுக்கு முன்பு ஒரு வாரம் தண்ணீரை நன்றாக ஓடவிட்டு, பிறகு ஓர் இரவு நிற்கவிட்டுக் காலையில் விழும் முதல் தண்ணீரைச் சோதியுங்கள். நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் கல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் அந்தச் சோதனை முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒரு குழாயில் 0.03 வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?
- ஆசிரியர், ராணிப்பேட்டை

பதில்: இன்றே அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். 'குடிக்காதீர்' என்று எழுதி ஒட்டுவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பயன்படாது. தண்ணீரைக் காய்ச்சினால் ஈயம் போகாது. ஆவி போய் ஈயம் இன்னும் செறியும், சத்துணவுக் கூடத்துக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். சோதனையில் தேறிய குழாயிலிருந்து குடிநீர் கொடுங்கள். குழாயை மாற்றிய பின் அதே முறையில் மறுபடி மாதிரி எடுங்கள். பெற்றோரிடம் எண்ணை மறைக்காதீர்கள். அந்தக் குழாயில் நெடுநாள் குடித்த சின்னப் பிள்ளைகளுக்குக் குழந்தை மருத்துவரைக் கேட்டு, நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது குழாயோடு நிற்காமல், வீட்டின் பழைய பெயின்ட், உதிரி மஞ்சள்தூள், அருகில் பேட்டரி உடைக்கும் பட்டறை ஏதும் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.