முதல் வகுப்பில் பாதி செய்தால் போதும்

கேள்வி: எனக்கு 41 வயது. மூன்று வருடமாக வாரம் ஐந்து நாள், தினமும் 40 நிமிடம் ட்ரெட்மில்லில் வேகமாக நடக்கிறேன். ஆரம்பத்தில் நல்ல பலன் தெரிந்தது. இப்போது சலித்துவிட்டது, உடம்பிலும் பெரிய மாற்றம் இல்லை. நான் போகும் ஜிம்மில் ஸும்பா (இசைக்கு ஆடிச் செய்வது), ஸ்பின் (நின்ற இடத்தில் சைக்கிள் மிதிப்பது), எச்ஐஐடி (சிறு இடைவெளி விட்டு விட்டு மிகத் தீவிரமாகச் செய்வது), எடைப்பயிற்சி என்று குழு வகுப்புகள் தொடங்கியிருக்கிறார்கள். எதில் சேர்வது? நடையை நிறுத்திவிட வேண்டுமா? எல்லோர் முன்னாலும் தப்பாகச் செய்துவிடுவேனோ என்ற கூச்சமும் இருக்கிறது.

பதில்: நடையை நிறுத்த வேண்டாம். ஐந்து நாளில் இரண்டு நாளை மட்டும் வகுப்புக்குக் கொடுங்கள்.

எந்த வகுப்பு என்பதற்கு, எது இப்போது பிரபலம் என்று பார்க்காமல், உங்கள் வாரத்தில் எது இல்லை என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை. நீங்கள் 200 நிமிடம் நடக்கிறீர்கள். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரி உண்டு, பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: வாரத்தில் இரண்டு நாளாவது முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி. உங்கள் பட்டியலில் இல்லாதது அதுதான்.

ஆகவே என் முதல் ஓட்டு எடைப்பயிற்சி வகுப்புக்கு. ஸும்பாவும் ஸ்பின்னும் மட்டமில்லை. ஆனால் இரண்டும் பெரும்பாலும் இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை கொடுப்பவை, அதை நடை ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. ஸும்பாவில் கூடுதலாகப் பக்கவாட்டு அசைவும் தாளத்தோடு கைகால் ஒத்துப்போகும் பழக்கமும் கிடைக்கும். ட்ரெட்மில்லில் நேராகவே நடந்தவருக்கு அது நல்லதுதான். எச்ஐஐடியை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். போகிற போக்கில் ஒன்று: எச்ஐஐடியில் ‘தபாட்டா’ என்ற வகைக்குப் பெயர் தந்த ஜப்பானிய ஆய்வாளர் இஸுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே உடற்தகுதியுள்ள இளைஞர்கள் 20 விநாடி முழு வேகத்தில் சைக்கிள் மிதித்து 10 விநாடி நின்றார்கள். ஏழெட்டுச் சுற்று, மொத்தம் நான்கு நிமிடம்தான், அதற்கே அவர்கள் துவண்டுவிட்டார்கள். முக்கால் மணி நேரத் ‘தபாட்டா வகுப்பு’ என்று பலகை போட்டிருந்தால், உள்ளே நடப்பது வேறு ஏதோ என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் நடந்தவர் என்பதால் உங்கள் மூச்சு நன்றாகத் தாங்கும். தொடைத் தசைகள் தாங்காது. மூச்சு வாங்காததால் ‘இன்னும் முடியும்’ என்று தோன்றும், அங்கேதான் ஆபத்து. கூட்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் தனியாகச் செய்வதைவிட அதிகமாக முயல்வார்கள். சைக்கிள் பந்தய வீரர்களிடம் இதைக் கவனித்து அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898லேயே எழுதினார். குழு வகுப்பின் பலம் அதுதான், முதல் நாளில் அதுவே வம்பும்கூட.

பழகாத பயிற்சிக்கு அடுத்த நாள் வரும் தசைவலி பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், தானாகக் குறையும். ஸ்குவாட்டில் (முட்டி மடக்கி உட்கார்ந்து எழுவது) கீழே இறங்குவது, எடையை மெல்ல இறக்குவது போல, தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்கும் அசைவுகளில் இது அதிகம். படி இறங்கும்போது முனகுவீர்கள், பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் மெதுவாக நடந்தால் இறுக்கம் கொஞ்சம் தளரும். ஆனால் வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் அது வேறு கதை. தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ராப்டோமயோலிசிஸாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது அபூர்வம். ஆனால் முதல் முறை ஸ்பின் வகுப்புக்குப் போய் அளவு மீறியவர்களுக்கு இப்படி நேர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

அதனால்தான் சொல்கிறேன், முதல் வகுப்பில் பாதி செய்தால் போதும். இருப்பதிலேயே லேசான எடையை எடுங்கள். மற்றவர்கள் மூன்று சுற்று செய்தால் நீங்கள் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. வெளியே வரும்போது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். அடுத்த வகுப்புக்கு இடையில் இரண்டு நாள் விடுங்கள். ஒருமுறை அந்த அசைவைச் சந்தித்த தசை, அடுத்த முறை அதே அளவுக்கு வலிக்காது. அதனால் ஒரே நாளில் முடிவெடுக்காமல் மூன்று முறையாவது போய்ப் பாருங்கள்.

கூச்சத்துக்கு ஒரு நடைமுறை யோசனை. பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பயிற்சியாளரிடம், ‘இது எனக்கு முதல் வகுப்பு’ என்று சொல்லிவிடுங்கள். முட்டி, முதுகு, தோள்பட்டையில் பழைய தொந்தரவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளாதீர்கள். திரும்பி நின்று செய்யச் சொன்னால் அதுதான் முதல் வரிசை! நடு வரிசையில் ஓரமாக நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய யாராவது இருப்பார்கள்.

பயிற்சியாளரை நீங்களும் எடை போடுங்கள். புதியவர்கள் யார் என்று கேட்கிறாரா? குதிக்க முடியாதவருக்கு மாற்று அசைவு காட்டுகிறாரா? முதுகு வளைந்தால் வந்து திருத்துகிறாரா? மேடையில் நின்று ‘இன்னும், இன்னும்’ என்று கத்துவதோடு சரி என்றால், வேறு நேரத்து வகுப்பைப் பாருங்கள்.

என்றாவது ஸ்பின் போனால் ஒன்றை மறக்காதீர்கள். பெரும்பாலான ஸ்பின் சைக்கிள்களில், கால் நின்றாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் பிரேக் எங்கே என்று ஏறும் முன்பே கேளுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் சீட் உங்கள் இடுப்பெலும்பு உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முட்டி வலிக்கும்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து என்று ஏதாவது இருந்தால் சேரும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வகுப்பின் நடுவே நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், ‘இந்தச் சுற்று முடியட்டும்’ என்று இருக்காதீர்கள்.

மூன்று முறை போயும் எடைப்பயிற்சி வகுப்பு ஒட்டவில்லையா? சரி, ஸும்பாவுக்கே போங்கள். அப்புறம் அந்த வலுப்பயிற்சியை வீட்டிலேயே வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று தொடங்கலாம்.