பேக்கில் விழுகிற குத்து ஸ்பாரிங்கில் ஏன் விழவில்லை?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், வயது 23. ஒன்பது மாதமாக பாக்சிங் பழகுகிறேன். தொங்கும் பேக், மாஸ்டர் கையில் பிடிக்கும் பேட் இரண்டிலும் குத்து நன்றாக வருகிறது. ஸ்பாரிங் (எதிராளியோடு பயிற்சி மோதல்) என்று ரிங்கில் ஏறினால் எல்லாம் மறந்துபோகிறது. எனக்குப் பின்னால் சேர்ந்தவன்கூட என்னைக் குத்திவிடுகிறான். கோபத்தில் கண்டபடி கையை வீசுகிறேன். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆனால் இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு தொடரவும் வேண்டாம்.

பேட் பிடிக்கும் மாஸ்டர் எந்தக் குத்து வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். தூரத்தையும் அவரே சரிசெய்து தருகிறார். ஸ்பாரிங்கில் இதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் குத்து வாங்கிக்கொண்டே. அது வேறு திறமை. அதற்கு உங்களுக்கு இன்னும் போதிய பயிற்சி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கோபத்தைப் பார்ப்போம். முகத்தில் ஒரு குத்து விழுந்ததும் உடனே திருப்பிக் கொடுக்கத் தோன்றும். மூச்சு நிற்கும், தோள் இறுகும், தாடையைக் காக்க வேண்டிய கை கீழே இறங்கும். அப்புறம் பெரிய வட்டமாக ஒரு ஹூக் வீசுவீர்கள். அந்த வட்டத்துக்குள் எதிராளியின் நேர்க் குத்து சுலபமாக நுழைந்துவிடும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்த பையன் பெரிய வித்தைக்காரனாக இருக்க வேண்டியதில்லை, நீங்களே அவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

ஆகவே குத்து வாங்கியதும் மூன்று காரியம்: இரு கையும் மேலே, பக்கவாட்டில் ஓர் அடி, பிறகு ஒரே ஒரு ஜாப், அதாவது முன் கையால் சட்டென்று ஒரு நேர்க் குத்து. இதைத் தனியாகப் பழகுங்கள். நண்பர் கையுறையால் உங்கள் நெற்றியை லேசாகத் தொடட்டும், நீங்கள் இந்த மூன்றையும் செய்யுங்கள். சலிப்பான பயிற்சிதான், ஆனால் பேக்கை இன்னும் ஒரு மணி நேரம் குத்துவதைவிட உங்களுக்கு இது உதவும். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை ‘ஸ்’ என்று வெளியே விடுங்கள். சத்தம் நின்றால் மூச்சைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ரிங்குக்கு வெளியே நிற்பவரைக் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்பாரிங்கில் யார் ஜெயித்தார் என்று கணக்குப் பார்ப்பதை விடுங்கள். ஒரு ரவுண்டுக்கு ஒரே வேலை: முதல் ரவுண்டில் ஜாப் மட்டும், அடுத்ததில் கயிற்றோரம் சிக்காமல் நகர்வது மட்டும். இரண்டு புதியவர்கள் மோதினால் அது பெரும்பாலும் தெருச்சண்டையாகத்தான் முடியும். அனுபவசாலியோடு, மெதுவான வேகத்தில் விடும்படி மாஸ்டரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம், நம் ஊர்ப் புழுக்கம். வேலை முடிந்து, தே தாரேக் டீயைத் தவிர வேறெதுவும் வயிற்றில் இல்லாமல், தகரக் கூரை ஜிம்முக்கு நேரே வருகிறவர்கள் நிறையப் பேர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 65 கிலோ உள்ளவருக்கு 1.3 கிலோ குறைந்தால் உடல் எடையில் 2 விழுக்காடு வியர்வையாகப் போய்விட்டது. அந்த நிலையில் உடல் தளரும், கவனமும் சிதறலாம். அதைத் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1975 ஜூலை 1-ஆம் தேதி மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜோ பக்னரோடு மோதிய குத்துச்சண்டை வீரர் முகமது அலிகூட, இந்த ஊர் வெப்பத்தில் 15 ரவுண்டும் ஆடி, புள்ளிகளில்தான் ஜெயித்தார். எடை குறைக்க பிளாஸ்டிக் உடை போட்டு ஓடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் தாங்கிக்கொண்டு தொடரவே கூடாது. ஸ்பாரிங்குக்குப் பிறகு தலைவலி, தலைசுற்றல், வாந்தி, வெளிச்சம் கூசுவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல் இவை வந்தால் மூளை அதிர்ந்திருக்கலாம். ஆமாம், எரிச்சலும் அந்தப் பட்டியலில் உண்டு. தலையில் மாட்டும் ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. டாக்டரைப் பாருங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. வாந்தி நிற்காவிட்டாலோ தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் உங்கள் மாஸ்டர் எடை கூடியவனோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார் என்றால், பாக்சிங்கை விட வேண்டாம், ஜிம்மை மாற்றுங்கள்.