ஆறு மாதமாகப் படிகம் வரவில்லை, பெண்ணை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெண் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடிக்கப்போகிறாள், நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டாள், செல் சவ்வுப் புரதங்களின் வடிவத்தைக் கண்டறியும் ஆய்வில் பிஎச்.டி. சேர வேண்டும் என்று நிற்கிறாள். வருமானம், வருஷக் கணக்கு, வேலை என்று நீங்கள் கேட்டிருப்பவை எல்லா வீட்டிலும் கேட்பவைதான். ஆனால் கடிதத்தின் கடைசியில், "ஆறு மாதமாக ப்ராஜெக்ட்டில் ஒரு படிகம்கூட வரவில்லையாம் சார், இதை நம்பி எப்படி அனுப்புவது?" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் கணவர் பிரஷருக்கு அட்டெனலால் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரை போய் ஒட்டிக்கொள்ளும் இடம் ஒரு சவ்வுப் புரதம், அதாவது செல்லைச் சுற்றியுள்ள படலத்தில் பதிந்திருக்கும் புரதம். அட்ரினலின் வந்து தொட்டதும் இதயத்தைப் படபடக்கவைப்பது அதுதான். மாத்திரை அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் பாதிக்கும் மேல் இப்படிச் சவ்வுப் புரதங்களின் மேல்தான் வேலை செய்கின்றன. அவற்றின் வடிவம் தெரிந்தால் மருந்தை அளவெடுத்துத் தைக்கலாம். உங்கள் பெண் போக நினைப்பது இந்தத் துறைக்கு.

ஆனால் இந்தப் புரதம் கொழுப்புப் படலத்துக்குள் புதைந்து கிடக்கிறது. வெளியே எடுக்க டிடர்ஜென்ட் வேண்டும், எண்ணெய்ப் பாத்திரத்துக்கு சோப்பு போடுகிற மாதிரி. சோப்பு கடுமையாக இருந்தால் புரதம் குலைந்து கட்டிதட்டிவிடும், மிருதுவாக இருந்தால் வெளியே வராது. வந்தாலும் அதன் எண்ணெய்ப் பகுதியைச் சுற்றி சோப்பு மூடியிருப்பதால், ஒரு மூலக்கூறு இன்னொன்றைத் தொட்டு வரிசைகட்டி நிற்க இடம் குறைவு. கோடிக்கணக்கில் அப்படி ஒழுங்காக அடுக்கி நின்றால்தான் அது படிகம். அதில் எக்ஸ்ரே பட்டுச் சிதறும் புள்ளிகளை வைத்துத்தான் வடிவத்தைக் கணக்கிடுவார்கள். தண்ணீரில் கரையும் மயோகுளோபின் புரதத்தின் வடிவம் 1960-லேயே அணு அளவில் தெரிந்துவிட்டது. சவ்வுப் புரதம் ஒன்றை அந்த அளவுக்குப் பார்க்க ஜெர்மனியில் மிக்கேல், டைசன்ஹோஃபர், ஹூபர் ஆகியோருக்கு 1985 ஆனது. மூவருக்கும் 1988-ல் நோபல் கிடைத்தது. ஆக, எம்.எஸ்சி. மாணவிக்கு ஆறு மாதத்தில் படிகம் வராதது தோல்வியே இல்லை. வந்திருந்தால்தான் நான் அது உப்புப் படிகமா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். (சிரிக்காதீர்கள், அப்படி ஏமாறுபவர்கள் நிறைய.)

சரி, காத்திருந்தால் கிடைத்துவிடுமா? அமெரிக்க விஞ்ஞானி பிரையன் கோபில்காவைச் சொல்வார்கள். இதய மருத்துவம் படித்தவர். அட்டெனலால் ஒட்டும் புரதத்துக்குச் சகோதரி மாதிரியான பீட்டா-2 ஏற்பியின் மரபணுவை 1986-ல் பிரித்தெடுத்த குழுவில் இருந்தவர். அதன் வடிவம் வெளிவந்தது 2007-ல், நோபல் 2012-ல். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இருபத்தோரு வருஷம் காத்திருந்தும் கையில் ஒன்றும் வராதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஜெயித்தவர் கதையை வைத்துப் பெண்ணை அனுப்பாதீர்கள்.

எனக்கு உபயோகமாகப் படுவது ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியின் பாதை. அவருடைய பிஎச்.டி. முழுக்க எக்ஸ்ரே படிகவியல். பிறகு பாக்டீரியோரோடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தை எடுத்துக்கொண்டார். எக்ஸ்ரேக்கு ஏற்ற படிகம் வரவில்லை. அவர் புரதத்தை விடவில்லை, கருவியை மாற்றினார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 1975-ல் சக விஞ்ஞானி அன்வினுடன் சேர்ந்து மங்கலான ஒரு வடிவத்தை வெளியிட்டார். அணு அளவில் தெளிய 1990 ஆனது. புரதத்தை உறையவைத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறை, கிரையோ-ஈஎம், பிற்பாடு வளர்ந்து இந்தத் துறையையே புரட்டிப்போட்டது. 2017 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. இன்று சவ்வுப் புரதங்கள் பலவற்றுக்குப் படிகமே தேவைப்படுவதில்லை.

இதனால்தான் "படிகவியல் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று ஒரு மாணவர் சொன்னால் எனக்குக் கவலை வரும். "பாக்டீரியா மருந்தை எப்படி வெளியே துப்புகிறது என்று பார்க்கப் போகிறேன்" என்றால் கவலை குறையும். உங்கள் பெண்ணிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவள் வாயிலிருந்து முதலில் வருவது கருவியின் பெயரா, கேள்வியா?

உங்கள் தம்பி சொன்ன விஷயமும் இதில் சேர்ந்ததுதான். ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏ.ஐ. புரோகிராம் வந்துவிட்டது, கம்ப்யூட்டரே வடிவத்தைச் சொல்லிவிடும் என்கிறாராம். பாதி உண்மை. 2020-ல் அது காட்டிய திறமைக்கு 2024-ல் வேதியியல் நோபலே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அது தருவது பெரும்பாலும் அசையாத ஒரு தோற்றம். திறந்து மூடும் புரதம் எத்தனை நிலை மாறுகிறது, புது மருந்து எந்த நிலையில் போய் ஒட்டுகிறது என்பதெல்லாம் இன்னும் சோதனை செய்துதான் உறுதியாக வேண்டும். வடிவம் கண்டுபிடிப்பது மட்டுமே வேலை என்று இருப்பவருக்கு ஆபத்து. வடிவத்தை வைத்து அடுத்த கேள்வி கேட்பவருக்கு லாபம்.

கணக்கும் கொஞ்சம் கோடிங்கும் அவள் இப்போதே கற்கட்டும். 2006-ல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று சவ்வுப் புரதங்கள் பற்றிய ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. காரணம், அவர்கள் கைவசம் வைத்திருந்த புரோகிராம் இரண்டு தரவு வரிசைகளை இடம் மாற்றிப் போட்டதுதான். ஸ்விட்சர்லாந்திலிருந்து அதே குடும்பத்துப் புரதத்தின் வடிவம் வந்தபோதுதான் தவறு வெளிப்பட்டது. யாரோ கொடுத்த புரோகிராமை உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஓட்டினால் பல வருஷ உழைப்பு போய்விடும்.

பணம். ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற அடுத்த நிலைக்குப் போனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருஷம். கஷ்டம் இருக்காது, சேமிக்கவும் முடியாது. அப்புறம் இரண்டு மூன்று வருஷம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை, பெரும்பாலும் வெளிநாட்டில். பேராசிரியர் வேலை வாங்குவதற்குள் முப்பத்தைந்தை ஒட்டிவிடும், எல்லோருக்கும் கிடைக்கவும் செய்யாது. ஆனால் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கத் தெரிந்த கைக்கு பெங்களூரு, ஹைதராபாத் மருந்து ஆய்வு கம்பெனிகளில் தேவை இருக்கிறது. கல்யாணப் பேச்சைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அவளிடம் கேளுங்கள்.

வெளியூர் அனுப்பத் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. இந்தத் துறை நமக்கு அந்நியமில்லை. ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1963-ல் வெளியிட்ட வரைபடத்தில் வைத்துத்தான் உலகில் எந்த ஆய்வகம் புரத வடிவம் வெளியிட்டாலும் இன்றும் சரிபார்க்கிறார்கள். கிண்டி வளாகத்தில் அவர் வளர்த்த துறை இருக்கிறது. இருந்தாலும் ஊர் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், கைடைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் நான்கு வருஷம் ஒரே புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்; கைடு இன்னொரு வேலை தரவே இல்லை. வடிவம் கிடைக்காவிட்டாலும், அந்தப் புரதம் எதைக் கடத்துகிறது, எந்த இடத்தை மாற்றினால் நிற்கிறது என்று அளந்திருந்தால் அதுவே தீசிஸ் ஆகியிருக்கும்.

ஆகவே நேர்காணலுக்குப் போகும் இடத்தில் மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். வடிவம் வராவிட்டால் என் தீசிஸ் எதை வைத்து? பெங்களூரில் உள்ள தேசிய கிரையோ-ஈஎம் மையத்திலோ இந்தூரில் வலுவான எக்ஸ்ரே தரும் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானிலோ வருஷத்துக்கு எத்தனை தடவை நேரம் வாங்குகிறீர்கள்? இங்கிருந்து கடைசியாக முடித்த மூவர் இப்போது எங்கே? முதல் இரண்டையும் கைடிடம் கேட்கலாம். மூன்றாவதை லேபில் இருக்கும் சீனியர்களிடம், கேன்டீனில் வைத்து.

ஜே.ஆர்.எஃப். கடிதத்தில் எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்று போட்டிருக்கும். அதை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிட்டு, அவள் விண்ணப்பிக்க நினைக்கும் ஆய்வகங்களின் பட்டியலோடு எனக்கு எழுதச் சொல்லுங்கள். இந்த முறை கடிதம் அவளே எழுதட்டும்.