முழங்கால் கேட்கும் அவகாசம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன், வயது 34. பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாரின் ரசிகன் என்பதைவிட அடியவன் என்றே சொல்லலாம். 2023 அக்டோபரில் உருகுவே ஆட்டத்தில் அவருடைய இடது முழங்கால் ஜவ்வு (ஏ.சி.எல்.) கிழிந்த செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓராண்டு காத்திருந்தேன். திரும்பி வந்தவர் இரண்டாவது ஆட்டத்திலேயே தொடைத் தசைக் காயத்துடன் வெளியேறினார். ‘உன் ஆள் மைதானத்தைவிட ஆஸ்பத்திரியில்தான் அதிகம் ஆடுகிறார்’ என்று டீக்கடையில் கேலி செய்கிறார்கள். வீட்டிலோ, நாற்பதை நெருங்கும் ஆளுக்கு இது தேவையா என்கிறார்கள். இந்தப் பற்றை விட்டுவிடலாமா?
— வாசகர், தேவாலா

பதில்: விட வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து நாடுகாணி வழியாகக் கீழே இறங்கினால் கேரளத்தின் நிலம்பூர். அதற்கப்பால் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துக்கு ஊரே திரளும் மலப்புறம். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடியில் ஒரு சாரார் கட்-அவுட் நிறுத்த, மறு சாரார் நெய்மாருக்கு 40 அடியில் நிறுத்தினார்கள். அந்தக் காற்று மலையேறி உங்கள் ஊருக்கு வந்ததில் வியப்பில்லை. வயதும் இதற்குத் தடையில்லை. இந்த வரியை வீட்டில் படித்துக் காட்டலாம்.

நண்பர்களின் கேலியில் பாதி நியாயம் இருக்கிறது. சவூதி அரேபியாவின் அல் ஹிலால் அணிக்காக அவர் ஆடியவை மொத்தமே 7 ஆட்டங்கள். ஆனால் 2024 அக்டோபர் 21 அன்று அல் ஐன் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக அவர் இறங்கியதும் காத்திருப்பு முடிந்துவிட்டது என்று நீங்கள் எண்ணிக்கொண்டதுதான், அடுத்த இரண்டு வாரத்தில் வந்த காயத்தைவிட உங்களை அதிகம் வருத்தியிருக்கிறது. முழங்காலுக்கு நாள்காட்டி தெரியாது. இந்த ஜவ்வு முழுதாக அறுந்தால், முட்டியின் முன்பக்க நாணிலிருந்தோ (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தொடையின் பின்பக்க நாணிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்தியபோது உறுதியாக இருக்கும் அந்தத் துண்டு, புதிய இடத்தில் இரத்த ஓட்டம் பெற்று உயிர் பிடிக்கும் முதல் சில மாதங்களில் தளர்ந்து, அதன் பிறகே சிறிது சிறிதாக ஜவ்வின் தன்மையை அடைகிறது. சிக்கல் என்னவென்றால், வலியும் வீக்கமும் அதற்கு வெகுமுன்பே அடங்கிவிடுகின்றன. ஆட்டக்காரருக்குக் கால் சரியாகிவிட்டதாகத் தோன்றும் காலமும் உள்ளே அது பலவீனமாக இருக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. கவாத்து வெட்டிய செடியில் துளிர் கண்டவுடன் யாரும் கொழுந்து கிள்ளுவதில்லை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜவ்வு தேறிய பின்னும் சங்கடம் தீர்வதில்லை. மாதக்கணக்கில் முழு வேகத்தில் ஓடாத தொடைத் தசை, ஆட்டத்தின் திடீர்ப் பாய்ச்சலைத் தாங்கப் பழக வேண்டும். ஓராண்டுக்குப் பின் வந்தவர் தொடையில் காயப்படுவது துரதிர்ஷ்டம்தான் என்றாலும், புதுமை அல்ல.

உங்கள் தலைவருக்கு முன்னோடியான ரொனால்டோவை எண்ணிப் பாருங்கள் (பிரேசில்காரரைச் சொல்கிறேன், போர்ச்சுகல் ரசிகர்கள் பொறுத்தருள்க). 1999 நவம்பரில் முழங்கால் நாணில் காயமுற்ற அவர், 2000 ஏப்ரல் 12 அன்று ரோம் நகரில் லாசியோவுக்கு எதிரான கோப்பை இறுதியாட்டத்தில் இறங்கிய சில நிமிடங்களிலேயே, யாரும் இடிக்காமல், அதே நாண் முற்றிலும் அறுந்து விழுந்தார். முடிந்தது கதை என்றே பலரும் நினைத்தனர். 2002 ஜூன் 30 அன்று யோகோஹாமாவில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல்களையும் அடித்தவர் அவரே. அந்தத் தொடரில் மொத்தம் 8. ஆயினும் அந்த 2002 ரொனால்டோ, பந்தோடு பாதி மைதானத்தைக் கடக்கும் பழைய ரொனால்டோ அல்லர். கோல் கம்பத்துக்கு அருகில் காத்திருந்து முடிக்கக் கற்றுக்கொண்ட வேறொருவர். பழையவரையே கேட்டு அடம்பிடித்தவர்களுக்கு அந்த ஆட்டத்தின் அருமை பிடிபட்டிருக்காது என்பது என் எண்ணம்.

நெய்மாரும் 2025 பிப்ரவரி 5 அன்று, தம் 33 ஆவது பிறந்தநாளில், சிறுவனாகத் தொடங்கிய சான்டோஸ் அணிக்கே திரும்பி ஆடினார். அங்கே இரவு 9.30 மணி ஆட்டமென்றால் நமக்கு மறுநாள் காலை 6 மணி; வேலைக்குப் புறப்படும் முன் ஒரு பாதியையாவது பார்த்துவிடலாம். நான்கு பேரை ஏமாற்றி ஓடுகிறாரா என்று பார்க்காமல், நின்ற இடத்திலிருந்து எந்த இடைவெளியில் பந்தை அனுப்புகிறார் என்று பாருங்கள். பிரேசிலுக்காக 79 கோல் அடித்தவரின் கண்ணுக்கு இன்னும் ஏ.சி.எல். கிழியவில்லை.

கேள்வி: நெய்மார் முழுமையாகக் குணமானால் பழனிக்கு வந்து மொட்டை போடுவதாக என் தம்பி வேண்டிக்கொண்டிருக்கிறான். கண்டிக்கலாமா?
— வாசகி, குன்னூர்

பதில்: முடி வளர்ந்துவிடும், விடுங்கள். மண்சோறு வரை போனால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: என் மகள் கல்லூரி அணியில் ஆடுபவள், ஸ்பெயினின் அலெக்சியா புட்டெல்லாஸ் மீது உயிர். ஐந்து மாதங்களுக்கு முன் அவளுக்கே ஜவ்வு அறுவை சிகிச்சை நடந்தது. ‘அலெக்சியா திரும்பினாரே, நானும் அடுத்த மாதம் இறங்குகிறேன்’ என்கிறாள்.
— ஒரு தாய், உதகமண்டலம்

பதில்: மகள் தன் தலைவியின் கதையைப் பாதிதான் படித்திருக்கிறாள். 2022 ஜூலை 5 அன்று, ஐரோப்பியக் கோப்பை தொடங்கும் தறுவாயில் காயமுற்ற புட்டெல்லாஸ், மீண்டும் பார்சிலோனாவுக்கு ஆடியது 2023 ஏப்ரல் 30 அன்று. நாள்தோறும் உடனிருக்கும் பிசியோதெரபிஸ்ட்களோடு அவருக்கே ஏறத்தாழ 10 மாதங்கள் ஆயின. ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது என்றும், இந்தப் பலன் 9 மாதம் வரை தொடர்கிறது என்றும் 2016 இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று கூறியது. போதாக்குறைக்கு, இந்தக் காயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாகவே நேர்கிறது. ஒற்றைக் காலில் தாவச் செய்து, இரு கால்களின் வலுவையும் ஒப்பிட்டுப் பார்த்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஊட்டியின் ஈரப்புல்லில் அவளை இறங்க விடாதீர்கள். கோபித்துக்கொண்டால், 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் பதிவைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்: உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை இரண்டு முறை வென்ற புட்டெல்லாஸ், ஆட்டம் முடியும் தறுவாய் வரை சிட்னியில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.