தலையாட்டும் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

தொழிற்கல்லூரியில் லேத் வேலை கற்றுத்தருகிறேன். மாணவர்கள் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், கேள்வியே கேட்பதில்லை. மெஷினில் நின்றால் தப்பாகச் செய்கிறார்கள். மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் சொன்ன, எதையும் நேராகச் சொல்லாத பண்பாடு இதுதானா? இன்னும் மெதுவாகப் பேசவேண்டுமா? அவர்கள் மொழியில் குறிப்பு தரலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மெதுவாகப் பேசுங்கள், குறிப்பும் கொடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஹால் 1976ல் எழுதிய வகைப்பாட்டைப் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள்.

பண்பாடு என்று நீங்கள் எழுதியதுதான் என்னைச் சீண்டியது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் விமான ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி. எதிரே இருந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று, புறப்படத் தொடங்கிய விமானத்தின் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அடங்கிவிட்டார். இருவரும் டச்சுக்காரர்கள், பேசியது தாய்மொழியில். கேப்டனோ மற்ற விமானிகளுக்கே பயிற்சி தந்த மூத்தவர். பெரியவர் முன்னால் வாயடைத்துப்போக வேற்று நாட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

"புரிஞ்சுதா?" என்றுதானே கேட்கிறீர்கள்? அந்தப் பிள்ளை வேறென்ன சொல்லும்? இல்லை என்றால் நீங்கள் சரியாகச் சொல்லித்தரவில்லை என்றாகும், கூட நிற்பவர்கள் முன் தான் மக்கு என்றும் ஆகும். தலையாட்டியது உங்கள் மேலுள்ள மரியாதையால். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டது உங்கள் தப்பு. அந்தக் கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். "சந்தேகம் இருக்கா?" என்பதும் அதேதான்.

எனக்கு லேத் பழக்கிய ஃபோர்மேன் அப்படிக் கேட்டதே இல்லை. "சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி சக் கீ எங்க இருக்கணும்? காட்டு" என்பார். சக் என்பது லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழலும் பகுதி, சக் கீ அதை இறுக்குகிற சாவி. சாவியைச் சக்கிலேயே மறந்துவிட்டு ஓட்டினால் அது தெறித்து ஆளையே அடிக்கும். காட்டுகிறவரை மெஷினைத் தொடவிடமாட்டார். மொழி தடுமாறுகிற பிள்ளையும் கையால் காட்டிவிடும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான்.

கேட்டபின் பொறுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டார். மூன்று விநாடி காத்தபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். மனசுக்குள் மொழிபெயர்க்கிற பிள்ளைக்கு மூன்றும் போதாது.

கூட்டமாக நிறுத்திக் கேட்காமல் அவரவர் மெஷின் பக்கத்தில் போய்க் கேளுங்கள். நேரம் பிடிக்கும். பாடத்திட்டம் பின்தங்குகிறதே என்று மேலே இருப்பவர்கள் கேட்டால், ஒருநாள் பட்டறைக்கு அழைத்துவந்து சக்கில் மாட்டிய கீயைக் காட்டுங்கள்.

அன்புடன்.