சவுடுக் குவாரி, எரிவாயுக் கிணறு: ஊர் இளைஞரை முதலில் எதில் பழக்குவது?

கேள்வி: ஏர்வாடிப் பக்கத்துக் கடற்கரை ஊராட்சி ஒன்றில் இளைஞர் மன்றம் நடத்துகிறேன். எங்கள் வட்டாரத்தில் சவுடு, அதாவது பள்ளம் நிரப்பப் பயன்படும் மணல் கலந்த மண், அள்ளுகிறார்கள். எரிவாயுக் கிணறு வரும் என்றும் பேச்சு அடிபடுகிறது. இவற்றின் பாதிப்புகளை எதிர்கொள்ள ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கிணற்றுத் தண்ணீரை அளந்து எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். மேடைப் பேச்சும் மனு எழுதுவதும் அதற்குப் பிறகுதான். குவாரி வருவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று வைத்திராத ஊர், பின்னர் எவ்வளவு உரக்க முறையிட்டாலும், 'இங்கே தண்ணீர் எப்போதுமே உப்புத்தானே' என்ற ஒரே பதிலுக்கு முன் வாயடைத்துப் போகிறது.

நம் கடற்கரையில் மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது. மணலை வெட்டி எடுத்தாலோ அளவுக்கு மீறி இறைத்தாலோ அந்த அடுக்கு தேய்ந்து, கீழே கிடக்கும் உப்பு மேலேறிவிடும். ஆகவே ஐந்தாறு கிணறுகளையும் ஊற்றுகளையும் தேர்ந்துகொண்டு, மாதம் ஒருமுறை, மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில், கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்திலிருந்து நீர் மொண்டு, நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் காட்டும் அளவை நாள், நேரம், மழை விவரத்தோடு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடப் பழக்குங்கள். ஆழத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: வாளி அடிவரை இறங்கிக் கலக்கிவிட்டால் மேல்நீரும் கீழ்நீரும் சேர்ந்து அளவே பொய்யாகிவிடும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாதபோது 2000 வரை அனுமதி என்பது இந்தியத் தர நிர்ணயம். கோடையில் உப்பு ஏறுவதும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இறங்குவதும் இயல்பு என்பதால், ஓராண்டுப் பதிவாவது கையில் இருந்தால்தான் பருவத்தின் ஏற்ற இறக்கத்தையும் குவாரியின் விளைவையும் பிரித்துக் காட்ட முடியும்.

அடுத்தது அனுமதி நடைமுறை. அனுமதிக்கு முன் மக்கள் கருத்துக்கேட்பு கூட்டம் நடக்கும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் காத்திருக்கக் கூடாது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுகளுக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை என 2020 ஜனவரியிலேயே விதி மாற்றப்பட்டுவிட்டது. 2025இல் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி பெற்ற சுற்றுச்சூழல் அனுமதி, வழங்கப்பட்டுச் சில மாதங்கள் கழித்தே பரவலாகத் தெரியவந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. எனவே சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் வெளியாகும் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தை வாரந்தோறும் பார்ப்பதை ஒருவரின் பொறுப்பாகவே ஒப்படையுங்கள். அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம்.

பலரும் கவனிக்காத ஆவணம் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை அறிக்கையாகத் தர வேண்டும். அது பொது ஆவணம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் அதைக் கேட்டு வாங்கி, உங்கள் குறிப்பேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, முரண்பாடுகளைக் கிராம சபையில் தீர்மானமாக எழுத வைப்பதே இந்தப் பயிற்சியின் மையம் என்பேன்.

நிதியைப் பற்றிச் சுருக்கமாக: கனிமச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்காக 2015 சட்டத்திருத்தம் மாவட்ட கனிம அறக்கட்டளையை உருவாக்கியது, ஆனால் எண்ணெய், எரிவாயு அதன் வரம்பில் வராது; எரிவாயுக் கிணற்றின் பாதிப்புக்கு அந்த நிதியை நம்பியிருக்க முடியாது.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பல ஊர்கள் சறுக்குகின்றன. நன்றாகப் பேசும் பையன்களை மட்டும் சேர்த்தால், அவர்களில் பாதிப் பேர் சில ஆண்டுகளில் துபாய்க்கோ சவூதிக்கோ போய்விடுவார்கள். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களையும் உப்பளத்தில் வேலை செய்யும் இளம்பெண்களையும் சரிபாதியாகச் சேருங்கள். நீரிலும் கரையிலும் நேரும் மாற்றம் முதலில் அவர்கள் கண்ணில்தான் படுகிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் இருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர் வெளியூர் கிளம்பும்போது, போவதற்கு முன் தம் இடத்துக்கு வருபவரோடு சேர்ந்து ஒருமுறையாவது அளந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பதை மன்றத்தின் விதியாகவே வைத்துவிடுங்கள்.