ஊட்டியில் சாக்லேட் கடை கவுண்டரில் நிற்பவர் 'மெரி கிறிஸ்துமஸ்' சொல்லலாமா, பொதுவாக வாழ்த்தினால் போதுமா?

சொல்லலாம், ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். கமர்ஷியல் ரோட்டில் ஒரு கடையில் நான் நான்கு டிசம்பர் நின்றிருக்கிறேன். வருகிறவர் கிறிஸ்தவரா, சபரிமலைக்கு மாலை போட்டவரா, அடுத்து வரும் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்குத் துணி எடுக்க இறங்கிய படுகர் இனப் பாட்டியா என்று பாதி நேரம் தெரியாது, அப்படியிருக்க எல்லாரிடமும் ஒரே வாழ்த்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பதில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் இது பெரிய சண்டை. அங்கே டிசம்பரில் யூதர்களின் ஹனுக்காவும் வரும் என்பதால் பல கடைகள் 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று பொதுவாகச் சொல்லின. சிலர் கொதித்தார்கள், 2006இல் வால்மார்ட் மறுபடி 'மெரி கிறிஸ்துமஸ்' பக்கம் திரும்பியது. அதை அப்படியே தமிழாக்கி 'விடுமுறை வாழ்த்துகள்' என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள் (சீசனில் லீவே கிடைக்காத பெண் அதைச் சொல்வது வேறு கொடுமை).

கடைக்கு வருகிறவர் முதலில் 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' என்றால் அதையே திருப்பிச் சொல்லுங்கள், அதனால் யாரும் மதம் மாறிவிடப் போவதில்லை. தெரியாத ஆளா, 'பண்டிகை வாழ்த்துகள், குளிர் ஜாஸ்தி, பார்த்துப் போங்க' போதும். இது பொங்கல் வரைக்கும் ஓடும்.

முதலாளிக்கும் ஒரு வார்த்தை. வேலை செய்கிறவருக்குத் தன் நம்பிக்கைப்படி ஒரு வாழ்த்தைச் சொல்ல மனம் ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். 'வாங்கண்ணா', 'நன்றிக்கா' சொல்லட்டும், வர்க்கி அதற்காக விற்காமல் போகாது.